மேஜர் ரொஜர்ஸ்: இடியன் துவக்கின் காலமும் ஊவாவின் தீராத கணக்கும்

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயம் ஊவா மக்களுக்கு நன்கு பழக்கமான கட்டடம். நகருக்கு வந்து போகும் தோட்ட மக்களும், கடைவீதியின் முஸ்லிம் வர்த்தகர்களும், பாடசாலைப் பிள்ளைகளும் நாள்தோறும் அதனைக் கடந்து செல்கின்றனர். ஆயினும் அக்கோயில் எவருடைய நினைவாக எழுப்பப்பட்டது என்பதை அறிந்தோர் குறைவு. ஊவாவை நிர்வகித்தவரும், நீதி வழங்கியவரும், இலங்கை வரலாற்றிலேயே மிக அதிகமான யானைகளைச் சுட்டவர் எனப் பெயர் பெற்றவருமான மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸின் நினைவாகவே அது கட்டப்பட்டது.

அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400 இற்கும் மேற்பட்டவை என்று அக்கால நூல்கள் கூறுகின்றன. தமது 41 ஆவது வயதில் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். யானைகளின் பழி அவரை விடவில்லை என்ற பேச்சு அன்று முதல் இன்று வரை மலைநாட்டில் நிலவி வருகிறது. கேட்பதற்குச் சுவையான இக்கதை ஓர் உண்மையை மறைத்தும் விடுகின்றது. அதனை அறிவதற்கு ரொஜர்ஸின் வாழ்க்கையையும், அவர் கையிலிருந்த ஆயுதத்தையும், அவரைச் சூழ்ந்திருந்த ஆட்சியையும் ஒருசேர நோக்குதல் அவசியமாகும்.

போரினால் பாழான பூமி

ரொஜர்ஸ் கடமையாற்றிய ஊவா, அவர் அங்கு வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் பெரும் அழிவைக் கண்ட பூமியாகும். 1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயரின் கைக்கு மாறியது. இரண்டே ஆண்டுகளில், 1817 இல், ஊவா வெல்லஸ்ஸவில் கிளர்ச்சி மூண்டது. வெல்லஸ்ஸவின் முஸ்லிம்களுக்குத் தலைவராக ஹாஜி மரிக்கார் என்பவரை ஆங்கிலேயர் முகாந்திரமாக நியமித்தமை, கண்டியப் பிரதானிகளிடையே அதிருப்தியை வளர்த்த காரணங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர்களால் குறிப்பிடப்படுகின்றது. நிலைமையை அறியச் சென்ற பதுளையின் ஆங்கில அதிகாரி சில்வெஸ்டர் வில்சன் காட்டிலே கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல கிளர்ச்சியாளருடன் இணைந்து, 1818 நவம்பரில் தலை துண்டிக்கப்பட்டார்.

கிளர்ச்சியை ஒடுக்கிய முறை கொடூரமானது. வீடுகள் எரிக்கப்பட்டன, பழமரங்கள் வெட்டப்பட்டன, நெற்களஞ்சியங்களும் குளங்களும் அழிக்கப்பட்டன. போரில் மாண்டவர் போக எஞ்சியோரும் பசிக்கும் நோய்க்கும் இரையாயினர். நெற்களஞ்சியமாக விளங்கிய வெல்லஸ்ஸவைக் காடு மீண்டும் மூடியது. மனிதர் குறைந்த இடத்தில் விலங்குகள் பெருகுவது இயற்கை. அன்றைய அதிகாரிகளின் கண்களுக்கு ஊவா என்பது யானைகளும் மலேரியாவும் நிறைந்த ஒரு வனாந்தரமாகவே தோன்றிற்று. அந்த வனாந்தரத்தின் ஒரு பகுதியை உண்டாக்கியவர்கள் தாமே என்பதை அவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

படைவீரரும் நீதிபதியும்

1804 ஆம் ஆண்டளவில் பிறந்த ரொஜர்ஸ், இலங்கை ரைபிள் படைப்பிரிவின் அதிகாரியாக ஊவாவுக்கு வந்தவர். இப்படைப்பிரிவு நம் வாசகர்களுக்கு அந்நியமானதன்று. அதன் அதிகாரிகள் ஆங்கிலேயர். சிப்பாய்களில் பெரும்பாலோர் மலாய் முஸ்லிம்கள். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய கிழக்குத் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1873 இல் அப்படை கலைக்கப்பட்டபோது, படைநிலையங்கள் இருந்த ஊர்களிலேயே மலாய்க் குடும்பங்கள் பல நிலைத்துவிட்டன. பதுளையின் மலாய்ச் சமூகத்தின் வரலாறும் இப்படையோடு பின்னிப் பிணைந்ததாகும்.

படைவீரராக வந்த ரொஜர்ஸ், பின்னர் பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் பதவிகளைப் பெற்றார். ஊவா தனி மாகாணமாக அமைக்கப்பட்டது 1886 இலாகும். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட அந்நாளில், வரி அறவிடுவதும், பாதை அமைப்பதும், வழக்குத் தீர்ப்பதும், படையை நடத்துவதும் ஒரே மனிதரின் கையில் குவிந்திருந்தன. பதுளையில் அரசாங்கம் என்றால் ரொஜர்ஸ் என்பதே பொருள்.

அவர் கொடுங்கோலராக வாழ்ந்தார் என்று கூறுவதற்கில்லை. அவர் இறந்த பின்னர் நண்பர்களும், அபிமானிகளும், தோழர்களும், சமூகத்தின் எல்லாத் தரத்தினரும் பொருள் திரட்டித் தேவாலயம் எழுப்பினர் என்பதை அங்குள்ள நினைவுப்பலகை பதிவு செய்திருக்கின்றது. வெறுக்கப்பட்ட ஓர் அதிகாரிக்கு இத்தகைய நினைவுச்சின்னம் எழும்புவது அரிது. மனிதரிடத்தில் நன்மதிப்புப் பெற்ற ஒருவர், விலங்குகளிடத்தில் ஈவிரக்கமற்றவராக எவ்வாறு வாழ முடிந்தது? இந்த வினாவை அவருடைய காலத்தவர் எழுப்பவில்லை. அவர்களுக்கு இரண்டும் முரணாகத் தோன்றவில்லை.

இடியன் துவக்கின் இரகசியம்

ரொஜர்ஸின் கையிலிருந்தது இன்றைய துவக்கு அன்று. எங்கள் கிராமத்தார் இடியன் துவக்கு என்று அழைக்கின்ற, வாய்வழியாக மருந்து இடித்து நிரப்பும் வகையைச் சேர்ந்தது அது. கறுப்பு வெடிமருந்தே அதன் உயிர். வெடியுப்பு 75 பங்கு, மரக்கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு என்ற அளவில் மூன்றும் சேர்ந்ததே அம்மருந்து. இதன் நுட்பம் இலங்கையருக்குப் புதியதன்று. வௌவால்கள் அடையும் மலைக்குகைகளின் மண்ணிலிருந்து வெடியுப்பைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டி இராச்சியத்தார் அறிந்திருந்தனர் என்பதை, 1821 இல் வெளியான தமது நூலில் மருத்துவர் ஜோன் டேவி விவரித்துள்ளார்.

இத்துவக்கை நிரப்புவது பொறுமை வேண்டும் வேலை. முதலில் மருந்தை அளந்து குழாயின் வாயில் கொட்ட வேண்டும். பின்னர் துணித்துண்டில் பொதிந்த ஈயக்குண்டை வைத்து, நீண்ட கோலினால் மருந்தின் மீது இறுக அமரும்வரை இடித்து இறக்க வேண்டும். இறுதியாகப் பின்புறத்திலுள்ள முலைக்காம்பு போன்ற சிறு குழாயின் மீது, கேப் எனப்படும் செப்புத் தொப்பியைப் பொருத்த வேண்டும். குதிரை அத்தொப்பியில் அடித்தவுடன் தீப்பொறி உள்ளே பாய்ந்து மருந்து வெடிக்கும். இந்தக் கேப் முறை பரவியது ரொஜர்ஸின் காலத்திலேயே. அதற்கு முன்னர் சக்கிமுக்கிக் கல்லின் பொறியை நம்பியிருந்த துவக்குகள் மலைநாட்டின் மழையிலும் மூடுபனியிலும் அடிக்கடி ஏமாற்றிவிடும். கேப் வந்ததும் ஈரக் காட்டிலும் துவக்கு நம்பத்தக்கதாயிற்று. ஒரு சிறு செப்புத் தொப்பி, வேட்டைக்காரனுக்கும் யானைக்கும் இடையிலிருந்த சமநிலையை மாற்றியது எனலாம்.

எனினும் ஒரு தடை எஞ்சியிருந்தது. ஒருமுறை சுட்டதும் வெண்புகை திரையாக எழுந்து கண்ணை மறைக்கும். மீண்டும் நிரப்புவதற்குள் காயமுற்ற யானை வந்துவிடும். ஆகவே வேட்டைக்காரர்கள் இரட்டைக் குழல் துவக்குகள் பலவற்றை நிரப்பி, உள்ளூர் ஆட்களிடம் கொடுத்துத் தம் பின்னால் வரச் செய்தனர். ஒன்றைச் சுட்டவுடன் மற்றொன்று கைக்கு வரும். புகைக்கும் பாய்ந்து வரும் யானைக்கும் நடுவே ஓடாமல் நின்று துவக்கை நீட்டிய அம்மனிதர்களின் பெயர்களை எந்த வேட்டை நூலும் நினைவில் வைக்கவில்லை. வேட்டையின் புகழ் ஒருவருக்கு. அதன் ஆபத்து பலருக்கு.

பின்னாளில் நுவரெலியாவில் குடியேறி வேட்டை நூல் எழுதிய சாமுவேல் பேக்கர், 21 இறாத்தல் எடையும், ஒரே வெடிக்கு ஓர் அவுன்ஸ் மருந்தும் வேண்டிய துவக்கொன்றைக் கையாண்டார். சுழலும் அறைகளைக் கொண்ட ரிவோல்வர், அமெரிக்கரான சாமுவேல் கோல்ட்டினால் 1830 களின் நடுப்பகுதியில் காப்புரிமை பெற்றிருந்தும், ஆங்கிலேயரிடையே பரவலாக அறிமுகமானது 1851 இன் இலண்டன் மகா கண்காட்சிக்குப் பின்னரே. அவ்வகை ரிவோல்வரிலும் ஒவ்வோர் அறையிலும் மருந்தும் குண்டும் தனித்தனியே இடித்து, கேப் பொருத்தவே வேண்டும். ஓர் அறையின் தீ அடுத்த அறைக்குத் தாவாதிருக்கக் குண்டின் மீது கொழுப்புத் தடவுவதும், சுட்டு முடிந்த அன்றே வெந்நீரால் கழுவிக் கரியை நீக்குவதும் அதனைப் பழகுவோர் முதலில் கற்கும் பாடங்கள்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்று அவ்வகைப் பழைய ரிவோல்வர்களின் மாதிரிகளை வாங்கி, காகித இலக்குகளைச் சுட்டுப் பழகுவது பலருக்குப் பொழுதுபோக்காக இருந்து வருகின்றது. நம் நாட்டிலோ 1916 ஆம் ஆண்டின் சுடுபடைக்கலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமின்றி எந்தத் துவக்கையும் வைத்திருக்க முடியாது. காகிதத்தைச் சுடும் பொழுதுபோக்கினால் எவருக்கும் கேடில்லை. ரொஜர்ஸின் காலத்திலோ பொழுதுபோக்கின் இலக்கு உயிருள்ள யானையாக இருந்தது.

தந்தங்கள் நிறைந்த வீடு

1844 இன் பிற்பகுதியில் பிரஷ்ய இளவரசர் வல்டிமார் இலங்கைக்கு வந்தார். அவருடன் பயணம் செய்த மருத்துவர் ஹொப்மைஸ்டர், பதுளையில் ரொஜர்ஸைச் சந்தித்ததைப் பதிவு செய்துள்ளார். விறாந்தையின் கதவுகளிலும் உணவு மண்டபத்தின் மூலைகளிலும் யானைத் தந்தங்கள் நின்ற ஒரு வீட்டை அவர் வருணிக்கின்றார். சுடப்பட்டவற்றுள் தந்தமுள்ள யானைகள் 60 இற்கு மேல் என்றும் குறிக்கின்றார். அடுத்த ஆண்டு முடிவதற்குள் விருந்தினர், விருந்தளித்தவர் இருவருமே உயிரோடிருக்கவில்லை. ரொஜர்ஸ் ஜூன் மாதத்தில் மாண்டார். ஹொப்மைஸ்டர் டிசம்பரில் பஞ்சாபின் பெரோஸ்ஷா போர்க்களத்தில் உயிரிழந்தார்.

அந்த 60 என்ற எண் நம் சிந்தனைக்குரியது. ஆபிரிக்காவில் யானை கொல்லப்பட்டது தந்தத்துக்காக. இலங்கை யானைகளிலோ பெண் யானைகளுக்குத் தந்தமே இல்லை. ஆண்களிலும் மிகச் சிலவற்றுக்கே உண்டு. ஆகவே ரொஜர்ஸ் சுட்ட 1,400 இல் ஏறக்குறைய 1,340 யானைகள் தந்தமற்றவை. அவற்றின் இறைச்சி உண்ணப்படவில்லை; தோல் விற்கப்படவில்லை. பெரும்பாலும் வாலை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் காட்டிலே விட்டுச் செல்வது வேட்டைக்காரரின் வழக்கம். எண்ணிக்கைக்காகவே நடந்த கொலை இது. பதினெட்டு வயது முதல் இறக்கும் நாள் வரை அவர் வேட்டையாடினார் என்று வைத்துக்கொண்டாலும், 23 ஆண்டுகளில் ஆறு நாட்களுக்கு ஒரு யானை வீதம் வீழ்ந்திருக்க வேண்டும்.

இலங்கையின் குடியேற்றச் செயலாளராக 1845 இன் இறுதியில் வந்து சேர்ந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இதனை வீரமாகக் கருதவில்லை. சாதுவானதும் எளிதில் அணுகக்கூடியதுமான விலங்கை மிகக் குறுகிய தூரத்திலிருந்து சுடுவதற்குப் பெரிய திறமை வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. ரொஜர்ஸ் தனி ஒருவர் அல்லர் என்பதையும் அவரே காட்டுகின்றார். கப்டன் கோல்வே என்பவர் ரொஜர்ஸின் எண்ணிக்கையில் பாதிக்கு மேலும், நாட்டின் பாதைகளை அமைத்துப் புகழ்பெற்ற மேஜர் ஸ்கின்னர் ஏறத்தாழ அதேயளவும் சுட்டிருந்தனர்.

பணிக்கர்களின் கயிறு

இதே காலத்தில் இதே யானைகளை வேறொரு விதமாக நாடியவர்களும் இந்நாட்டில் வாழ்ந்தனர். வடக்கு, கிழக்குப் பகுதிகளின் முஸ்லிம் கிராமங்களைச் சேர்ந்த பணிக்கர்களே அவர்கள். இருவராகக் காட்டில் புகுந்து, காற்றின் திசையறிந்து யானையைப் பின்தொடர்ந்து, பதப்படுத்திய தோலால் திரித்த கயிற்றுச் சுருக்கை அதன் பின்காலில் மாட்டி, அருகிலுள்ள மரத்தில் பிணைத்துவிடுவது அவர்களின் கலை. துவக்கின்றி, யானையின் குணத்தை அறிந்த அறிவை மட்டுமே துணையாகக் கொண்ட இத்தொழிலை டெனன்ட் வியந்து எழுதியுள்ளார்.

பிடிபட்ட யானைகள் பழக்கப்பட்டு இந்திய அரசர்களுக்கு விற்கப்பட்டன. ஆனையிறவு என்ற பெயரே அந்தப் பழைய வணிகத்தின் சுவடாகும். அடிமைப்பட்ட யானையின் வாழ்வு இன்பமானது என்று கூற முடியாது. ஆயினும் உயிருள்ள யானைக்கு விலை இருந்த காலத்தில் அதனைக் காப்பதில் பலருக்கும் அக்கறை இருந்தது. ஆங்கிலேயர் காலத்திலோ இறந்த யானைக்கு விலை வைக்கப்பட்டது. இந்த மாற்றமே முக்கியமானது.

தலைக்கு இத்தனை சில்லிங்

பயிர்களுக்குச் சேதம் விளைவிக்கின்றன என்ற காரணத்தால் யானையின் தலைக்கு இத்தனை சில்லிங் என்று அரசாங்கம் வெகுமதி வழங்கிற்று. 1848 இற்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குக் குறைந்த காலத்தில், அன்றைய வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகள் இவ்வாறு கொல்லப்பட்டன. 1851 முதல் 1856 வரை காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடையில் மேலும் 2,000 யானைகளுக்கு வெகுமதி கொடுக்கப்பட்டது. ரொஜர்ஸின் வாழ்நாள் எண்ணிக்கையை இந்த அரசாங்கப் பேரேட்டின் அருகே வைத்துப் பார்த்தால், அவர் ஒரு விதிவிலக்கு அல்லர் என்பது தெளிவாகும்.

கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகிய காலமும் இதுவே. மலைச்சரிவுகளின் காடு வெட்டி எரிக்கப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அக்காட்டை வெட்டிச் சாய்த்தனர். வழியிலும் தோட்டத்திலும் பெருந்தொகையாக மாண்டனர். யானைக்குக் கணக்கு வைத்திருந்த ஆட்சி, வழியில் விழுந்த கூலியாளுக்கு ஒழுங்கான கணக்கு வைத்திருக்கவில்லை. 1869 இல் கோப்பியை நோய் தாக்கிய பின்னர் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. அத்துடன் ஊவாவின் உயர்மலைகளிலிருந்து யானை முற்றாக மறைந்தது. துவக்கு தொடங்கியதைத் தோட்டம் முடித்தது.

ஹப்புத்தளையில் ஒரு மாலை

1845 ஜூன் 7 ஆம் திகதி ஹப்புத்தளையின் பயணிகள் விடுதியில் ரொஜர்ஸ் தங்கியிருந்தபோது கடும் இடிமழை பெய்தது. மழை ஓயத் தொடங்கியதும் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார் என்றும், புயல் போய்விட்டது என எண்ணிய அக்கணத்திலேயே கடைசி மின்னல் அவரைத் தாக்கிற்று என்றும் கூறப்படுகின்றது. உடல் நுவரெலியாவில் அடக்கம் செய்யப்பட்டது. இன்று கோல்ப் மைதானமாக விளங்கும் நிலத்தில் அக்கல்லறை இருக்கின்றது. அதன் கல்லையும் இடி பிளந்தது என்பது மலைநாட்டில் வழங்கும் பேச்சு. யானைகளைக் கொன்ற பாவத்துக்குப் பௌத்த துறவி ஒருவர் சபித்தார் என்ற கதையும் அதனுடன் சேர்ந்துகொண்டது. பதுளையில் அவர் நினைவாக எழுந்த தேவாலயம் 1857 இல் அர்ப்பணிக்கப்பட்டது.

சாபக் கதையை நம்புவது எளிது. ஆனால் மலைநாட்டின் இடி பாவிகளைத் தேடி விழுவதில்லை என்பதை ஊவாவின் தோட்ட மக்களைவிட நன்கறிந்தோர் எவருமில்லை. பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் பிற்பகல் இடிமுழக்கத்தின்போது திறந்த மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எத்தனையோ பேர் மின்னலுக்குப் பலியாகியுள்ளனர். அவர்கள் எந்த யானையையும் கொன்றவர்கள் அல்லர். உயர்ந்த இடத்தில் நிற்பவரை மின்னல் தாக்கும். அது நீதிமன்றம் அன்று.

இன்னும் தீராத கணக்கு

சாபக் கதையின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கின்றது. கொன்றவர் தண்டிக்கப்பட்டார், கணக்கு முடிந்தது என்ற மன நிறைவை அது நமக்குத் தந்துவிடுகின்றது. வெகுமதி கொடுத்த அரசாங்கமும், காட்டை அழித்த தோட்டத்துறையும், வீரம் என்று கைதட்டிய சமூகமும் அக்கதையில் இடம்பெறுவதில்லை.

கண்மூடித்தனமான யானைக் கொலையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1891 இலும், வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் விரிவான கட்டளைச் சட்டம் 1937 இலும் வந்தன. விளையாட்டு வேட்டை ஒழிந்தது. கறுப்பு வெடிமருந்து மட்டும் ஊவாவின் காடுகளை விட்டு நீங்கவில்லை. வெல்லவாய, புத்தள, மொனராகலைப் பிரதேசங்களின் காட்டோரங்களில் விலங்கின் வழியில் கட்டப்படும் கட்டுத்துவக்கு இன்றும் உயிர் குடிக்கின்றது. விறகு தேடிச் செல்லும் மனிதரும் அதற்கு இலக்காகின்றனர். அதனினும் கொடியது ஹக்கபட்டாஸ். பழத்திலோ வேறு தீனியிலோ வெடிமருந்தும் கற்துண்டுகளும் மறைத்து வைக்கப்படுகின்றன. காட்டுப்பன்றிக்காக வைக்கப்படும் அப்பொறியை யானைக்கன்று கடிக்கும்போது வாய் சிதைகின்றது. உண்ணவும் குடிக்கவும் இயலாமல் பல நாட்கள் துடித்த பின்னரே அது இறக்கின்றது.

2011 இன் கணக்கெடுப்பு நாட்டின் யானைகளை 5,879 என மதிப்பிட்டது. ரொஜர்ஸ் ஒருவர் சுட்டது அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குச் சமம். 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் 450 இற்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. 150 இற்கும் மேற்பட்ட மனிதர்கள் யானைகளால் மாண்டனர். சேனைப் பயிரை ஒரே இரவில் இழந்து நிற்கும் ஏழை விவசாயியின் கோபம், ரொஜர்ஸின் பொழுதுபோக்கோடு ஒப்பிடத் தக்கதன்று. அவனுக்கு அது வாழ்வுப் போராட்டம். ஆயினும் இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. யானையும் மனிதனும் ஒரே நிலத்தில் வாழ்வதற்கான ஏற்பாட்டைச் செய்யவேண்டிய ஆட்சி, அந்தப் பொறுப்பை வெடிமருந்திடம் ஒப்படைத்துவிடுகின்றது. அன்று வெகுமதி கொடுத்து ஒப்படைத்தது. இன்று பாராமுகமாக இருந்து ஒப்படைக்கின்றது.

பயிர்களையும் குடியிருப்புகளையும் சுற்றி உரிய இடத்தில் முறையாகப் பராமரிக்கப்படும் மின்வேலியும், பயிரிழந்தவருக்குத் தாமதமின்றி வழங்கப்படும் நட்டஈடும், யானைகளின் வழித்தடங்களை அடைக்காத நிலத்திட்டமும் இருக்குமாயின், ஹக்கபட்டாஸ் வைப்பவனின் கை தானாகவே தளரும். அவையில்லாத வரை, ரொஜர்ஸின் கல்லறையைக் காட்டிச் சாபக் கதை பேசுவதற்கு நமக்கு உரிமை குறைவே.